"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்!"

எங்கள் குன்னூரில் வீடு என்றாலே படிக்கட்டுதான். ரோட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு 42 படிகள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இடுப்பில் பிள்ளையும் கையில் மார்க்கெட் பையுமாக ஏறி இறங்கியவள்தான் நான். ஆனால் போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு நாள், பதினைந்தாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம்.

பக்கத்து வீட்டு அம்மா (எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர்) குடையோடு வந்து பக்கத்தில் நின்றார். "என்னக்கா பண்றது, வயசாயிடுச்சு. இனிமே நமக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்கு 63 வயது. நானும் அதை நம்பிவிட்டேன்.

அதற்கு முன்பே ஆறேழு மாதமாக அசதிதான். காலையில் எழுந்திருக்கும்போதே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். பருப்பு வேகிற நேரத்துக்குள் நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிடுவேன். மே மாதம் சிம்ஸ் பூங்காவில் நடக்கும் பழக் கண்காட்சிக்கு வருஷம் தவறாமல் போகிறவள், அந்த வருஷம் "கூட்டமா இருக்கும்" என்று சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருகிற பெண் பி.பி.யும் சர்க்கரையும் பார்த்து, இரண்டும் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். அப்புறம் என்ன, எனக்கு ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்?

என்னைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் மருமகள்! பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள், நான் அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மென்றதைப் பார்த்துவிட்டாள்.

"அத்தை, எத்தனை நாளா இப்படித் தின்னுறீங்க?"

"அது சும்மா, வாய்க்கு நல்லா இருக்குதும்மா."

"இவன் என் வயித்துல இருந்தப்போ நானும் இப்படித்தான் தின்னேன். அப்போ எனக்கு ரத்தம் எட்டுதான் இருந்துச்சு. கிளம்புங்க, டெஸ்ட் பண்ணிட்டு வந்துடலாம்."

மறுநாளே பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.8. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்த சோகை என்பது கணக்கு. அதிலும் எங்களைப் போல மலை மேல் இருக்கிறவர்களுக்கு, 12-ஐ விடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வேண்டுமாம். காற்றில் பிராணவாயு குறைவு என்பதால் மலைவாசிகளின் உடம்பு இயற்கையாகவே ரத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும். ஆக என் 7.8, கீழே மேட்டுப்பாளையத்துக்காரியின் 7.8-ஐ விட மோசம்!

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?" என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் டீயை யாராவது எண்ணுவார்களா? சோற்றைத் தின்று கை கழுவியதும் ஒரு டம்ளர் ஸ்ட்ராங் டீ குடித்தால்தான் சாப்பிட்ட மாதிரியே இருக்கும். டீயின் துவர்ப்பு, சோறு, பருப்பு, கீரையில் இருக்கும் இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாதாம். 1975-லேயே தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் ரொட்டி, அரிசிச் சோறு எல்லாம் கொடுத்துப் பார்த்து இதை எழுதியிருக்கிறார்கள். தேயிலைக்கு நடுவில் வாழ்கிற நமக்கு இதை யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு ஆதங்கம்தான்.

ஆனால் டாக்டரம்மா அதோடு விடவில்லை. "மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதிமூணு வருஷம்."

"அப்போ டீ மட்டும் காரணமா இருக்காதும்மா. ரத்தம் எங்கேயோ கசியுது. எங்கேன்னு பார்த்தாகணும்."

சகோதரிகளே, இந்த ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மாதாமாதம் ரத்தம் போகிற வயதில் இரும்பு குறைவது சகஜம். அது நின்ற பிறகும் குறைந்தால், ஏன் என்று கேட்காமல் சத்து மாத்திரையும் டானிக்கும் வாங்கிக் குடிக்கக் கூடாது. நம் உடம்பு சாப்பாட்டிலிருந்து ஒரு நாளில் எடுத்துக்கொள்கிற இரும்பு 1 அல்லது 2 மில்லிகிராம்தான். ஒரு டீஸ்பூன் ரத்தம் கசிந்தால் அதற்கு மேலேயே போய்விடும். கண்ணுக்குக்கூடத் தெரியாது.

"வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றார். அப்போதுதான் உறைத்தது. மார்கழிக் குளிரில் முழங்கால் வலி தாங்காமல் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, இரண்டு வருஷமாகத் தினம் ஒன்று, சில நாள் இரண்டு. பல நாள் வெறும் வயிற்றில். டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் கவசத்தைக் குறைத்துவிடும். புண் வந்து, சொட்டுச் சொட்டாக ரத்தம் கசியும். வலிகூட இருக்காது, ஏனென்றால் தின்பதே வலி மாத்திரை!

மலத்தைப் பரிசோதித்ததில் ரத்தம் இருந்தது. கோயம்புத்தூரில் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும் என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. என் அம்மா வயிற்றுப் புற்றுநோயில் போனவர். பஸ்ஸில் பர்லியார் வளைவுகளில் இறங்கும்போது முருகனை வேண்டிக்கொண்டே போனேன். வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் அதே நினைப்புதான் என்று தெரிந்தது.

தொண்டையில் மரக்கச் செய்யும் மருந்தை அடித்து, குழாயை விட்டு, பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். வெறும் புண்தான். புற்று இல்லை. வெளியே வந்து அவரைப் பார்த்ததும் அழுதேவிட்டேன்.

அன்றோடு வலி மாத்திரை நின்றது. புண் ஆற மருந்து, கூடவே இரும்பு மாத்திரை. மாத்திரையை வெறும் வயிற்றில் எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீரோடு சாப்பிடச் சொன்னார்கள். முதல் வாரம் மலச்சிக்கலும் குமட்டலும் படுத்தி எடுத்தன. டாக்டரைக் கேட்டதற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்துக்கொள்ளச் சொன்னார், பழகிவிட்டது. மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் இரும்பு மாத்திரையே சாப்பிடாதவருக்குத் தார் மாதிரி கறுத்துப் போனால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மூன்று வாரத்தில் 9-ஐத் தாண்டியது. பச்சரிசி ஆசை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை! நாலாவது மாதம் 12.4. அதோடு நிறுத்தாமல், உடம்பின் கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் சாப்பிட வைத்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து முருங்கைக் கீரை வாங்கிச் சமைக்கிறேன், ராகிக் களியோடு நெல்லிக்காய்த் துவையல் அரைக்கிறேன். நல்லதுதான். ஆனால் கீரையை மட்டும் நம்பியிருந்தால் 7.8 ஏறியிருக்காது.

எல்லா அசதியும் இரும்புக் குறைவு இல்லை. தைராய்டு, பி-12 குறைவு, சர்க்கரை, மனச்சோர்வு என்று பல காரணங்கள் உண்டு. எங்கள் மாவட்டப் பழங்குடி மக்களிடம் 1952-லேயே கண்டறியப்பட்ட அரிவாள் செல் சோகை என்று இன்னொன்றும் இருக்கிறது. அதனால்தான் சோதிக்காமல் மாத்திரை வாங்காதீர்கள் என்கிறேன்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்த சோகை. 49-க்கு மேல்? அந்தக் கணக்கில் நாங்கள் இல்லவே இல்லை! ஆகவே இளம் தாய்மார்களே, உங்கள் ரத்தத்தைச் சோதிக்கப் போகும்போது உங்கள் அம்மாவையோ மாமியாரையோ கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். "எனக்கெதுக்கு?" என்றுதான் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

டீயை நிறுத்திவிட்டேனா என்று கேட்கிறீர்களா? குன்னூர்க்காரியிடம் கேட்கிற கேள்வியா இது! சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் இப்போது குடிக்கிறேன். நாலு மணி டீக்கு அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவும் வருகிறார். போன வியாழக்கிழமை அவரை லாலி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவருக்கு 9.1. "ஏன்க்கா, அப்போ எனக்கும் வயசாகலையா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்.