பாதி அகற்றிய கண்ணிவெடி வயல்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டையில் கார், லாரி, புல்லட், செல்போன், டயர் எல்லாம் தயாராகின்றன. 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர், அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரகடத்துக்கு வந்தன. அங்கிருந்து வடகிழக்கே போனால் ஆவடி. 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை அங்குதான் இருக்கிறது. இந்தியாவில் தயாரான விஜயந்தா டாங்கியும், பின்னால் வந்த டி-72, டி-90, அர்ஜுன் எல்லாமும் அந்த மதில்களுக்குள்ளிருந்து வெளியே வந்தவை.

ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞர்களில் கணினியிலோ செல்போனிலோ டாங்கி ஓட்டி விளையாடுகிறவர்கள் உண்டு. அவர்கள் ‘வார் தண்டர்’ விளையாட்டைத் திறந்தால் பிரிட்டிஷ் வரிசையில் விஜயந்தாவைப் பார்க்கலாம். ஆவடி வண்டி அப்படி உலகத் திரைக்குப் போய்விட்டது. அந்த வண்டி நின்று போரிடுவதற்கு ஒரு களம் வேண்டும். அந்தக் களத்தை, விளையாட்டை விற்கும் நிறுவனம் மட்டும் அமைப்பதில்லை. ஆடுகிறவர்களே உட்கார்ந்து அமைக்கிறார்கள். அதற்குத்தான் மிஷன் என்று பெயர். அப்படி ஒருவர் செய்த மிஷனை இன்னொருவர் ஆடிப் பார்த்து, எங்கே சிறப்பு, எங்கே ஓட்டை என்று எழுதுவது இந்த உலகில் பல ஆண்டுப் பழக்கம்.

டாங்கி விளையாட்டுகள் இரண்டு வகை. ஒன்றில் வேகம்தான் எல்லாம்: சுடு, வெடிக்கும், மறுபடி பிறந்து வா. இன்னொன்று சிமுலேஷன். அதில் ஒரே குண்டில் கதை முடிந்துவிடலாம். அரை மணி நேரம் ஒரு மேட்டின் பின்னால் காத்திருந்து, ஒரே ஒரு முறை சுட்டுவிட்டு இடம் மாறுவதுதான் அந்த ஆட்டத்தின் மொத்தச் சுவையாக இருக்கும். இந்த இரண்டாம் வகையில் பெயர்பெற்றது ‘ஸ்டீல் பீஸ்ட்ஸ்’. ஈசிம் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2000இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டது. அதன் ‘ப்ரோ’ பதிப்பை டென்மார்க், ஸ்வீடன், ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளின் படைகள் பயிற்சிக்கு வாங்கின. ராணுவங்கள் பயன்படுத்தும் அதே மிஷன் எடிட்டர் சாதாரண ஆட்டக்காரர் கைக்கும் வருகிறது என்பதுதான் இதில் விசேஷம்.

ராணுவத்துக்கும் டாங்கி விளையாட்டுக்கும் உள்ள உறவு இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1980இல் அட்டாரி நிறுவனம் ‘பேட்டில்ஸோன்’ என்ற காசு போட்டு ஆடும் விளையாட்டை வெளியிட்டது. கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகளால் ஆன டாங்கிகள். அடுத்த ஆண்டே அமெரிக்க ராணுவத்துக்காக அதைப் பயிற்சிக் கருவியாக மாற்றிப் பார்த்தார்கள். பிறகு அமெரிக்காவின் டார்ப்பா அமைப்பு சிம்நெட் என்ற வலையமைப்பை உருவாக்கியது. வெவ்வேறு ஊர்களில் மாதிரி டாங்கிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் வீரர்கள் ஒரே கற்பனைக் களத்தில் சேர்ந்து போரிட அது வழிசெய்தது.

1991 பிப்ரவரி 26. ஈராக் பாலைவனத்தில் புழுதிப்புயலுக்கு நடுவே ஒரு டாங்கிப் போர் நடந்தது. வரைபடத்தில் இருந்த கோட்டின் எண்ணை வைத்து ‘73 ஈஸ்டிங்’ என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். போர் முடிந்த கையோடு ஒரு குழு அங்கே போய், மணலில் கிடந்த வண்டித் தடங்களை அளந்தது. கலந்துகொண்ட வீரர்களிடம் பேசியது. யார் எந்த நொடியில் எங்கே இருந்தார் என்று கணக்கிட்டு அந்தப் போரை அப்படியே சிம்நெட்டில் திரும்பக் கட்டியது. மிஷன் உருவாக்கும் ஒவ்வொருவருக்கும் அது பாடம். உண்மைப் போரைத் திரைக்குக் கொண்டுவர, முதல் வேலை கால்நடையாகப் போய் அளப்பதும், இருந்தவரிடம் கேட்பதும்தான். எடிட்டரைத் திறப்பது அதற்குப் பிறகு.

ஒரு மிஷனை விமர்சிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது எதிரியை. பெரும்பாலான மிஷன்களில் எதிரி டாங்கிகள் பொம்மைபோல் ஒரு மரத்தடியில் நிற்கும். ஆடுபவர் வந்ததும் சுடும். சுடப்பட்டதும் எரியும். அவை எதற்காக அங்கே வந்தன, எதைக் காக்கின்றன, எப்போது பின்வாங்கும் என்பதற்கு விடையே இருக்காது. ‘ஸ்டீல் பீஸ்ட்ஸ்’ எடிட்டரில் ஒவ்வொரு பாதைக்கும், எந்த நிலை வந்தால் கிளம்ப வேண்டும், எந்த நிலை வந்தால் பின்வாங்க வேண்டும் என்று நிபந்தனை எழுதலாம். பக்கத்து வண்டி எரிந்தால் மேட்டுக்குப் பின்னால் இறங்கு என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், எதிரிக்கு உயிர்மேல் ஆசை வந்துவிடும். அதன் பிறகு ஆடுபவரும் கவனமாக நடப்பார். இந்த ஒரு வரியை எழுதச் சோம்பல்பட்ட மிஷன்களுக்கு, அவற்றின் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், தயவு காட்டக் கூடாது.

அடுத்தது, ஆடுபவருக்கு எதைச் சொல்லாமல் விடுவது என்பது. இதற்கு நம் நாட்டுப் போர் ஒன்றே நல்ல எடுத்துக்காட்டு.

1971 இந்திய-பாகிஸ்தான் போர். டிசம்பர் 15 இரவு. ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து 47ஆவது காலாட்படைப் பிரிகேட் அக்கரையில் ஒரு பிடியை ஏற்படுத்திக்கொண்டது. நம் 16 மெட்ராஸ் பட்டாலியனும் அந்தப் பிரிகேடில் இருந்தது. ஆற்றை ஒட்டி அடர்த்தியான கண்ணிவெடி வயல். டாங்கிகள் வர வேண்டுமானால் பொறியாளர் படையினர் குனிந்து, தடவி, ஒரு வண்டி அகலத்துக்குப் பாதை திறந்தாக வேண்டும். பாதி வேலைதான் முடிந்திருந்தது. அக்கரையில் இருந்தவர்கள் எதிரி டாங்கிகளின் நடமாட்டம் தெரிகிறது, உடனே டாங்கி வேண்டும் என்று கேட்கிறார்கள். பூனா ஹார்ஸ் படைப்பிரிவு முழுப் பாதைக்காகக் காத்திருக்கவில்லை. அகற்றி முடிக்காத வயலுக்குள்ளேயே செஞ்சுரியன் டாங்கிகளை இறக்கியது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புகைத்திரைக்குப் பின்னால் இருந்து பாகிஸ்தானின் டாங்கிகள் எதிர்த்தாக்குதலைத் தொடங்கின. ஜர்பால் கிராமத்தருகே இருந்த ஸ்குவாட்ரன் உதவி கேட்டது. உதவிக்குப் போனவர்களில் ஒருவர் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால். வயது 21. தன் ‘ஃபமகுஸ்டா’ டாங்கியில் அன்றே உயிர்நீத்தார். பரம்வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது.

இந்த நிகழ்ச்சியை ஒருவர் மிஷனாக அமைத்தால் அதன் உயிர்நாடி காலை எட்டு மணிச் சண்டை என்றுதான் முதலில் தோன்றும். விமர்சகர் அப்படி நினைக்கக் கூடாது. உயிர்நாடி முந்தைய இரவில் இருக்கிறது. பாதை எதுவரை திறந்திருக்கிறது என்று ஆடுபவருக்கு வரைபடத்தில் பளிச்சென்று கோடு போட்டுக் காட்டிவிட்டால் அங்கே முடிவெடுக்க எதுவும் இல்லை. ரேடியோவில் அரைகுறையாக ஒரு தகவல், அக்கரையிலிருந்து அவசரக் குரல், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். இந்த மூன்றும் இருந்தால்தான் பூனா ஹார்ஸின் கமாண்டர் அந்த இரவில் சுமந்த பாரத்தில் நூறில் ஒரு பங்காவது ஆடுபவருக்குப் புரியும். காத்திருந்தால் அக்கரையில் இருக்கும் காலாட்படை அழியலாம். போனால் வண்டிகள் வெடிக்கலாம். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் மிஷன் அதற்கு நேர்மையான விளைவைத் தர வேண்டும். காத்திருந்தவரைத் தண்டிப்பதற்காகவே எழுதிய மிஷன் வரலாற்றுக்கும் நியாயம் செய்யாது.

இங்கே ஒரு சிக்கலும் வரும். எடிட்டரில் வேண்டிய வண்டி எல்லா நேரமும் கிடைக்காது. அன்று பாகிஸ்தான் பக்கம் ஓடிய பாட்டன் டாங்கிக்குப் பதிலாக, அதன் வாரிசான எம்60ஏ3-ஐ வைக்கலாமே என்று தோன்றும். உருவம் ஒத்துப்போகும். ஆனால் எம்60ஏ3-இல் லேசர் தூரமானி உண்டு. இரவில் வெப்பத்தை வைத்துப் பார்க்கும் கண்ணாடி பொருத்தியதும் உண்டு. 1971இல் பசந்தர் கரையில் இந்த இரண்டும் கிடையாது. புகைத்திரையைத் துளைத்துப் பார்க்கும் எதிரியை வைத்துவிட்டால் புகைத்திரை எதற்கு? மிஷன் எழுதியவர் மாற்று வண்டி வைத்ததை முன்குறிப்பில் சொல்லியிருக்கிறாரா, அந்தக் கருவிகளை முடக்கியிருக்கிறாரா என்று பார்ப்பது விமர்சகரின் கடமை.

தூரம் அளப்பது டாங்கிப் போரில் சின்ன விஷயம் இல்லை. விஜயந்தாவையே எடுத்துக்கொள்ளலாம். அதன் 105 மில்லிமீட்டர் பீரங்கியோடு இணைத்து ஒரு 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். கன்னர் முதலில் அதை மூன்று மூன்று குண்டாகச் சுடுவார். ஒளிர்ந்துகொண்டே போகும் அந்தக் குண்டுகள் எங்கே விழுகின்றன என்று கண்ணாடியில் பார்ப்பார். இலக்கின்மேல் பட்டுத் தெறித்தால் தூரம் சரி. உடனே பெரிய பீரங்கியின் விசையை அழுத்துவார். இதில் ஆபத்தும் உண்டு. சிறு குண்டுகளின் ஒளிக்கோடு, சுடுகிறவர் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று எதிரிக்கும் காட்டிக்கொடுக்கும். லேசர் வந்த பிறகு இந்தத் தவிப்பெல்லாம் ஒரு பொத்தானில் முடிந்தது. விஜயந்தாவை வைத்து மிஷன் எழுதுகிறவர் இந்தச் சில நொடித் தவிப்பை ஆடுபவருக்குத் தராவிட்டால், அது விஜயந்தாவின் தோலைப் போர்த்திய வேறு ஏதோ ஒரு வண்டி.

அதேபோல டி-72. அதில் லோடர் கிடையாது. சுழல் தட்டு ஒன்று குண்டை எடுத்துத் தானாகவே பீரங்கிக்குள் தள்ளும். அந்தத் தட்டில் இருப்பது 22 குண்டுகள்தான். மீதிக் குண்டுகள் வண்டிக்குள் அங்கங்கே சொருகியிருக்கும். அவற்றை எடுத்துத் தட்டில் நிரப்ப நேரமும் மறைவிடமும் வேண்டும். நீண்ட தற்காப்புப் போரை மிஷனாக எழுதுகிறவர் 22 முடிந்ததும் பின்னால் போய்வர ஒரு பள்ளத்தையாவது, இடைவெளியையாவது வைத்திருக்கிறாரா? அர்ஜுனில் நிலைமை வேறு. நான்கு பேர் குழு. 120 மில்லிமீட்டர் பீரங்கிக்கு லோடர் கையாலேயே குண்டு நிரப்புகிறார்.

காலக்குழப்பத்தை மட்டும் மன்னிக்கவே முடியாது. 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபின் கேம்கரண் அருகே அசல் உத்தரில் நடந்த போர் மிஷன் எழுதுகிறவர்களுக்குக் கரும்பு தின்னக் கிடைத்ததுபோல. உண்மையிலேயே அங்கே ஆளுயரக் கரும்பு இருந்தது. குதிரை லாட வடிவில் இந்தியப் படை பதுங்கி, வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டு, உள்ளே வந்த பாட்டன் டாங்கிகளைச் சேற்றில் சிக்கவைத்தது. பாகிஸ்தான் 97 டாங்கிகளை இழந்ததாக இந்தியத் தரப்புக் கணக்கு. அங்கே விஜயந்தாவைக் கொண்டுபோய் நிறுத்தினால் விமர்சகர் உடனே கைகாட்ட வேண்டும். விஜயந்தா தயாரிப்பு தொடங்கியதே அந்த ஆண்டில்தான். அசல் உத்தரில் நின்றவை செஞ்சுரியன், ஷெர்மன், ஏ.எம்.எக்ஸ்-13. ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பு இல்லாத துப்பாக்கியோடு டாங்கிகளை எதிர்த்து உயிர்நீத்த அப்துல் ஹமீதும் அங்கேதான் இருந்தார். நம் ஊர் வண்டிமேல் உள்ள பாசத்தால் அவர்கள் இடத்தைப் பறிக்கக் கூடாது.

ஒரு முறை ஆடிவிட்டு விமர்சனம் எழுதுவதும் தவறு. ஒரகடத்தில் லைனை விட்டு இறங்கும் வண்டியைப் பெயின்ட் பளபளப்பை மட்டும் பார்த்து யாரும் அனுப்புவதில்லை. நீர்த்தாரையில் நனைத்து, குலுங்கும் தடத்தில் ஓட்டித்தான் அனுப்புகிறார்கள். மிஷனுக்கும் அதேதான் முறை. சொன்னபடி ஒரு முறை ஆட வேண்டும். பிறகு சொன்னதற்கு மாறாக, மிஷன் எழுதியவர் நினைத்துக்கூடப் பார்க்காத திசையில் போக வேண்டும். கதை அப்போதும் அறுந்துபோகாமல் ஓடுகிறதா? எதிரிப் பக்கம் உட்கார்ந்து ஒரு முறை ஆட வேண்டும். ‘ஸ்டீல் பீஸ்ட்ஸ்’ முடிந்த ஆட்டத்தை மேலிருந்து திரும்ப ஓட்டிக் காட்டும். எந்தக் குண்டு எங்கிருந்து கிளம்பி எதன்மேல் பட்டது என்பது வரை தெரியும். மிஷன் எழுதியவரின் நேர்மை அங்கே அம்பலமாகும். எதிரி தாமாகவே கண்டுபிடித்துச் சுட்டாரா, அல்லது ஆடுபவர் ஒரு கோட்டைத் தாண்டியதும் வெற்றிடத்தில் முளைத்தாரா என்பதை மறைக்க வழியே இல்லை.

உண்மையில் இறந்தவர்களின் பெயரைப் பயன்படுத்துவதிலும் விமர்சகருக்கு ஒரு நிலை வேண்டும். கேத்ரபால் என்ற பெயரை ஆடுபவரின் கையில் கொடுத்து, தப்பான திருப்பத்தில் அவரைச் சாகவைத்து, மறுபடி ஆடு என்று சொல்வது கண்ணியமாகாது. அதே ஸ்குவாட்ரனில் பெயரில்லாத இன்னொரு டாங்கியை ஆடுபவருக்குக் கொடுக்கலாம். கேத்ரபாலின் பெயர் ரேடியோவில் கேட்டால் போதும். எதிர்ப்பக்கம் இறந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆவடியும் ஒரகடமும் இருக்கும் இந்தப் பகுதியிலிருந்து இன்னும் எழுதப்பட வேண்டிய மிஷன் ஒன்று உண்டு. 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் ராணுவத்திடம் ஒப்படைத்த அர்ஜுன் மார்க்-1ஏ சுமார் 68 டன் எடை. டி-90 அதைவிட இருபது டன்னுக்கும் மேல் குறைவு. பஞ்சாப் எல்லை முழுக்கக் கால்வாய்கள், பாலங்கள். அர்ஜுனின் எடையை எந்தப் பாலம் தாங்கும் என்ற கேள்வி பல ஆண்டுகளாக உண்மையாகவே விவாதிக்கப்படுகிறது. லாரியின் அச்சுக்கு எவ்வளவு சுமை, எந்தச் சாலையில் எவ்வளவு அனுமதி என்று தினமும் பேசுகிற ஊரில் இருப்பவருக்கு இதைவிட நல்ல கரு கிடைக்காது. நான்கு பாலங்கள், அதில் எது தாங்கும் என்று முன்குறிப்பில் இல்லை, பொறியாளர் குழு ஒன்றே ஒன்று, அது ஒரு நேரத்தில் ஒரு பாலத்தைத்தான் சோதிக்க முடியும், டி-90 ஸ்குவாட்ரன் ஏற்கெனவே அக்கரைக்குப் போய்விட்டது. இதில் ஒரு குண்டுகூடச் சுடாமல் முதல் நாற்பது நிமிடம் போகலாம்.