கட்டாத பள்ளிவாசலுக்கு எதிராக இரண்டரை லட்சம் கையொப்பங்கள்

ஆட்சியாளரிடம் மனுக் கொடுப்பது பழைய வழக்கம். அதை இணையத்துக்குக் கொண்டுவந்த தொடக்ககால அரசுகளில் பிரிட்டனும் ஒன்று. 2006 நவம்பரில் பிரதமர் டோனி பிளேரின் அலுவலகம் மனுக்களுக்கென ஒரு தளத்தைத் திறந்தது. 'மைசொசைட்டி' என்ற அமைப்பு அதற்கான மென்பொருளைச் செய்து கொடுத்தது. பெயர், முகவரி, மின்னஞ்சல் இருந்தால் போதும், வீட்டிலிருந்தே கையொப்பமிடலாம்.

அரசு எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். வாகனங்கள் ஓடும் தூரத்துக்கேற்ப சாலைக் கட்டணம் வசூலிக்கும் யோசனையை எதிர்த்த மனுவில், 2007 பிப்ரவரிக்குள் 18 லட்சம் பேருக்கு மேல் கையொப்பமிட்டனர். பிளேர் மின்னஞ்சலில் பதில் அனுப்பினார். விவாதம் தொடரும் என்பதே அதன் சாரம். நாடு தழுவிய கட்டணம் அந்த ஆட்சியில் வரவில்லை.

நம்மை அதிகம் யோசிக்க வைப்பது அதே ஆண்டு வந்த மற்றொரு மனு. கிழக்கு லண்டனில் ஒலிம்பிக் பூங்காவுக்கு அருகே தப்லீக் ஜமாஅத்துக்குச் சொந்தமான நிலம் இருந்தது. அங்கே 10 கோடி பவுண்டில் மாபெரும் பள்ளிவாசல் வரப்போகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்றது மனு. இந்தச் செய்தி மின்னஞ்சல்கள் வழியே கைமாறிக் கைமாறிப் பரவியது. கையொப்பங்கள் இரண்டரை லட்சத்தைத் தாண்டின. அரசு தந்த பதில்: அப்படியொரு பள்ளிவாசலுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பமே வரவில்லை!

வந்த செய்தியைத் தீர விசாரிக்கும் பழக்கம் நமக்குக் கட்டளையாகவே இருக்கிறது. (நம் வாட்ஸ்அப் குழுக்களில் அது எந்த அளவுக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம்.) ஆனால் தளத்தின் அமைப்பிலும் குறை இருந்தது. ஆதரவை எண்ணத் தெரிந்த அதற்கு, மனுவில் சொன்னது உண்மையா என்று பார்க்கத் தெரியவில்லை. ஒரு பகுதியின் கட்டடப் பிரச்சினைக்கு, அந்தப் பகுதியையே பார்த்திராதவரும் கையொப்பமிட முடிந்தது. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளூர் மன்றத்திடம் இருக்க, மனுவோ பிரதமருக்குப் போனது. சிறுபான்மையினருக்கு இதில் இருந்த ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

2011இல் புதிய தளம் வந்தது. ஒரு லட்சம் கையொப்பம் சேர்ந்தால் நாடாளுமன்ற விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும் என்ற விதியும் வந்தது. கேள்வி கேட்கும் இடம் பிரதமர் அலுவலகத்திலிருந்து மக்கள் பிரதிநிதிகளிடம் நகர்ந்தது.

பள்ளிவாசலுக்கான விண்ணப்பம் பின்னர் உண்மையிலேயே வந்தது. நியூஹாம் உள்ளூர் மன்றம் 2012 டிசம்பரில் அதை நிராகரித்தது. மேல்முறையீட்டை 2015இல் அரசும் தள்ளுபடி செய்தது.