"வீதிக்காரர் சம்மதித்துவிட்டார்கள்" என்றால் அதோடு முடிந்ததா?

அப்புத்தளையில் மலைச்சரிவு ஒன்றில் புதிய வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடுகளுக்கான பாதை, பிரதான வீதியின் வளைவில் வந்து சேர்கிறது. எதிரே வரும் பஸ் கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்தால் அந்தப் பாதைத் தண்ணீர் கீழேயுள்ள லயங்களுக்குள் இறங்கும். ஊரார் சபை அலுவலகத்தில் போய்ச் சொன்னால், "வீதிக்காரர் சம்மதித்துவிட்டார்கள்" என்பார்கள். அதைக் கேட்டதும் பலர் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை.

வீதிக்காரர் தருவது ஆலோசனைதான். ஆலோசனை வேறு, அனுமதி வேறு. கட்டடத்துக்கு அனுமதி தருவது உள்ளூராட்சி மன்றம்: நகர எல்லைக்குள் நகர சபை, வெளியே பிரதேச சபை. வீதியைப் பொறுப்பேற்ற நிறுவனம் கட்டடக் கோடு, நுழைவாயில், வடிகால் ஆகியவை பற்றித் தன் கருத்தைச் சொல்கிறது. அந்தக் கருத்தில் குறை இருந்தால், சபை முடிவெடுக்கும் முன்பே சபைக்குக் காட்ட வேண்டும்.

வீதி யாருடையது?

முறைப்பாடு எழுதுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎல போகும் வீதி 'ஏ 16'. கொஸ்லாந்தை வழியாக வெல்லவாய போவது 'ஏ 4'. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. சி, டி வகை வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. சிறு வீதிகள் பல உள்ளூராட்சி மன்றத்திடம் இருக்கின்றன.

தோட்டப் பாதைகளின் நிலை வேறு. அவை தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தன. பிரதேச சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. 2018இல் வந்த திருத்தம் அதை நீக்கியது. ஆகவே "இது தோட்டத்து ரோடு, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று இனிச் சபை எளிதில் ஒதுங்க முடியாது.

மண்ணையும் கேளுங்கள்

மலையில் வீதிக் கேள்வி மண்சரிவுக் கேள்வியும்தான். பாதை போடச் சரிவின் அடியை வெட்டினாலோ, நீர் ஓடும் வழியை அடைத்தாலோ மேலே நிற்கும் மண் பிடிமானம் இழக்கிறது. பதுளை உட்பட 10 மாவட்டங்களில் கட்டட வேலைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீடு வேண்டும் என்ற நடைமுறை 2011 முதல் இருக்கிறது.

கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது. மக்கள் அதே லயங்களில் இருந்தார்கள். சரியான ஆலோசனைகூட, அதைத் துரத்திப் பிடித்து நிறைவேற்றக் கேட்பவர் இல்லாவிட்டால் உயிரைக் காக்காது.

எந்த முறைப்பாடு நிற்கும்?

"பொறியியலாளர் சொன்னது பிழை" என்று மட்டும் எழுதினால், அவருடைய தொழில்சார் கருத்து என்று பதில் வரும். பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்று காட்டினால் அப்படித் தள்ளிவிட முடியாது. இடத்துக்கு வந்து பார்த்தார்களா? பள்ளி விடும் நேரத்து நெரிசலைக் கணக்கில் எடுத்தார்களா? அம்புலன்ஸ் உள்ளே திரும்ப முடியுமா? வடிகால் எங்கே போய் முடிகிறது? பாதையின் அகலத்தை நாடாவால் அளந்து எழுதுங்கள். மழை நாளில் திகதியோடு படம் எடுத்து இணையுங்கள்.

படிகள்

1. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வீதி ஆலோசனைக் கடிதம், வரைபடம், மண்சரிவு அறிக்கை ஆகியவற்றின் பிரதியைக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

2. குறைகளை இலக்கமிட்டுச் சபைத் தலைவருக்கும் செயலாளருக்கும் எழுதி, வீதி நிறுவனத்துக்கும் பிரதி அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

3. பதிலே இல்லையென்றால், அரச அலுவலகங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதினால் மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. சட்டத்துக்கு முரணான அனுமதியை நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு மூலம் கேள்விக்கு உட்படுத்தலாம். தாமதம் மனுவைப் பலவீனப்படுத்தும் என்பதால் சட்டத்தரணியை விரைவாகப் பாருங்கள்.

எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம். அப்புத்தளை, ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. தமிழில் பதில் கேட்பது உங்கள் உரிமை.

கடைசியாக ஒன்று. லயத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு வீடு அவசரத் தேவை. அதனால் முறைப்பாட்டில் திட்டத்தை நிறுத்தச் சொல்வதற்கு முன், அனுமதியில் எழுத வேண்டிய நிபந்தனைகளைக் கேளுங்கள்: நுழைவாயிலை வளைவிலிருந்து விலக்குதல், கல் பதித்த வடிகால், தாங்குசுவர், பிள்ளைகள் நடக்க ஓரப்பாதை. இவை முடிந்த பிறகே வீடுகள் கையளிக்கப்பட வேண்டும் என்பதையும் அந்த நிபந்தனைகளோடு சேர்த்து எழுதக் கேளுங்கள்.