லக்னோவில் இரு தலைமைகள்

கோபாலபுரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத மவுண்ட் ரோட்டில் ஒரு காலத்தில் ஜெனரல் நீலின் சிலை நின்றது. 1927இல் அதனை அகற்றக் கோரிக் கிளர்ச்சி எழுந்தது. 1937இல் அது அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது. மதராஸ் படையை நடத்திச் சென்ற அந்த நீல் 1857 செப்டம்பர் 25 அன்று மாண்டது லக்னோவில். அதே லக்னோவில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற மௌலவி அஹ்மதுல்லாஹ் ஷாவின் பூர்வீகமும் சென்னைப்பட்டணமே என்றொரு வழக்குண்டு. சிலையை அறிந்த நம்மவரிற் பலர் மௌலவியை அறியார்.

1857 ஜூன் 30 அன்று சின்ஹட்டில் ஆங்கிலேயர் தோற்றதும், சிறுவர் பிர்ஜீஸ் கத்ர் அவதின் அரியணையில் அமர்த்தப்பட்டார். தந்தை வாஜித் அலீ ஷா கல்கத்தாவில் கம்பெனியின் பிடியில் இருந்தமையால், ஆட்சிப் பொறுப்பைத் தாயார் பேகம் ஹஸ்ரத் மஹல் ஏற்றார். பேகத்தின் நம்பிக்கைக்குரியவர் மம்மு கான். மறுபுறம், ஃபைஸாபாத் சிறையிலிருந்து சிப்பாய்களால் விடுவிக்கப்பட்ட மௌலவியைப் படையினர் பெருந்திரளாகப் பின்பற்றினர்.

பேகத்தின் உரிமை அரச குலத்திலிருந்து வந்தது. கருவூலமும் அவர் கையில். மௌலவியின் உரிமையோ மக்களின் பற்றிலிருந்து பிறந்தது. படையைத் தம்பால் ஈர்த்துத் தாமே ஆட்சியைக் கைப்பற்றுவார் என்று அரண்மனை அவரை ஐயுற்றது. அரண்மனை ஒருநாள் கம்பெனியோடு சமரசம் செய்துகொள்ளும் என்று மௌலவியின் தரப்பு ஐயுற்றது. இதனை ஷீஆ, சுன்னீப் பூசல் என்று சுருக்குவோர் உளர். அது நமக்கு ஏற்புடையதன்று. அந்த வேற்றுமை நெருப்பை ஊதியிருக்கலாம். மூட்டியது அதிகாரம் எவரிடம் என்ற வினாவே.

விளைவு ஆலம்பாகில் தெரிந்தது. 1857 நவம்பருக்குப் பின் அவுட்ரம் சுமார் 4,000 வீரருடன் அங்கே தங்கியிருந்தார். எதிரே நின்றோர் பன்மடங்கினர். குளிர்காலம் முழுவதும் பலமுறை தாக்கியும் அவ்விடத்தை அவர்களால் எடுக்க இயலவில்லை. 1858 ஜனவரித் தாக்குதலொன்றில் மௌலவி காயமுற்றார். பிப்ரவரியில் பேகமே யானை மீதேறிக் களத்திற்கு வந்தார். வீரத்தில் எவரும் குறைந்தவரல்லர். ஆயினும் இருவரின் ஆட்களும் தம்முள் மோதிக்கொண்ட செய்தியை ஒற்றர்கள் அவுட்ரமுக்கு அறிவித்துக்கொண்டிருந்தனர். ஒரே போர்த்திட்டத்தின் கீழ் அப்பெரும் படையை நிறுத்த வல்ல எவரும் நகரில் இல்லை.

மார்ச்சில் காம்ப்பெல்லின் படையும் ஜங் பஹதூரின் கூர்க்காக்களும் வந்து நகரைக் கைப்பற்றின. பேகம் வெளியேறிய பிறகும் மௌலவி ஸஆதத்கஞ்சில் இரு பீரங்கிகளுடன் மார்ச் 21 வரை நின்று போரிட்டார். அவர் தலைக்கு 50,000 ரூபாய் விலை வைக்கப்பட்டிருந்தது. ஜூன் 5 அன்று, உதவி நாடிச் சென்ற பவாயன் ராஜாவின் கோட்டை வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தலை ஷாஜஹான்பூருக்கு அனுப்பப்பட்டது. பேகம் நேபாளத்தில் அடைக்கலம் புகுந்து 1879இல் மறைந்தார். அவரது அடக்கத்தலம் காட்மாண்டு ஜாமிஉ பள்ளிவாசலருகே உள்ளது.