பல்கலைக்கழகங்களில் இடைநிலை இத்தாலிய மொழிக் கல்வி

இடைநிலை இத்தாலியம் என்பது, இத்தாலிய மொழியின் அடிப்படைகளைக் கற்று முடித்த மாணவர்கள், அம்மொழியைப் பிறர் துணையின்றிப் பயன்படுத்தும் திறனை அடைவதற்காகப் பல்கலைக்கழகங்களில் கற்கும் படிநிலை ஆகும். தொடக்க நிலையில் மாணவர் தன்னை அறிமுகப்படுத்திக் கொள்ளவும், வழி கேட்கவும், உணவு வாங்கவும் கற்கிறார். இடைநிலையில் நடந்ததை விவரிக்கவும், கருத்துக் கூறவும், காரணம் காட்டவும், எளிய இலக்கியத்தையும் செய்தித்தாளையும் படிக்கவும் கற்கிறார். ஆதலால் இந்நிலையில் மொழிப் பாடமும் பண்பாட்டுப் பாடமும் பெரும்பாலும் ஒன்றாகவே நடத்தப்படுகின்றன.

நிலைகள்

ஐரோப்பிய அவை 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழிகளுக்கான ஐரோப்பியப் பொதுச் சட்டகம், மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. இவற்றுள் பி1, பி2 ஆகிய இரண்டும் இடைநிலை எனக் கருதப்படுகின்றன. பி1 நிலையில் உள்ளவர் பழக்கமான பொருள்களைப் பற்றித் தொடர்ச்சியாகப் பேசவும் எழுதவும் வல்லவர். பி2 நிலையில் உள்ளவர் விவாதங்களில் பங்கு கொள்ளவும், சிக்கலான கட்டுரைகளின் மையக்கருத்தை உணரவும் வல்லவர். இத்தாலிய மொழியில் நடத்தப்படும் பட்டப்படிப்புகளில் சேர விரும்பும் வெளிநாட்டு மாணவர்களிடம் இத்தாலியப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக பி2 நிலையை எதிர்பார்க்கின்றன.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டுப் பாடம் தொடக்க நிலை என்றும், இரண்டாம் ஆண்டுப் பாடம் இடைநிலை என்றும் அழைக்கப்படுவது வழக்கம். எனினும் இரண்டாம் ஆண்டை முடித்த மாணவர் எல்லோரும் பி1 நிலையை எட்டிவிட்டனர் என்று கொள்ள இயலாது.

வரலாற்றுப் பின்னணி

இன்று கற்பிக்கப்படும் பொது இத்தாலியம், தசுக்கானிப் பகுதியில், சிறப்பாகப் புளோரன்சு நகரில் வழங்கிய மொழியை அடிப்படையாகக் கொண்டது. 14 ஆம் நூற்றாண்டில் தாந்தே, பெத்ரார்க்கா, பொக்காச்சியோ ஆகிய மூவரின் படைப்புகள் அம்மொழிக்குப் பெருமதிப்பைத் தேடித் தந்தன. 1525 இல் பியேத்ரோ பெம்போ எழுதிய நூல், பெத்ரார்க்காவைச் செய்யுளுக்கும் பொக்காச்சியோவை உரைநடைக்கும் முன்மாதிரியாக நிறுத்தியது. 1583 இல் புளோரன்சில் குருசுக்கா கழகம் தோன்றியது. அதன் அகரமுதலியின் முதற்பதிப்பு 1612 இல் வெளிவந்தது.

ஆனால் இது நெடுங்காலம் ஏட்டு மொழியாகவே இருந்தது. 1861 இல் இத்தாலி ஒரே அரசாக இணைந்தபோது, மக்களில் சுமார் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே பொது இத்தாலியத்தை அறிந்திருந்தனர் என மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோ 1963 இல் கணித்தார். பின்வந்த ஆய்வாளர் சிலர் இதனை 10 விழுக்காடு வரை உயர்த்துகின்றனர். எவ்வாறாயினும் பெரும்பான்மையோர் வீட்டில் பேசியது அவரவர் வட்டார மொழியே. கட்டாயக் கல்வி, படைச்சேவை, உள்நாட்டு இடப்பெயர்வு, 1954 இல் தொடங்கிய தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆகியவையே பொது மொழியைப் பேச்சு மொழியாக்கின. 1960 முதல் 1968 வரை ஆசிரியர் அல்பேர்த்தோ மன்சி தொலைக்காட்சி வழியாக முதியோருக்கு எழுத்தறிவித்தது இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

இத்தாலிக்கு வெளியே இம்மொழியைப் பல்கலைக்கழகப் பாடமாக நிலைநிறுத்தியவர்களுள் இருவர் முதன்மையானவர்கள். மோட்சார்ட்டின் இசை நாடகங்களுக்குப் பாடல் எழுதிய லொரென்சோ தா போந்தே, 1825 இல் நியூயார்க்கின் கொலம்பியாக் கல்லூரியில் முதல் இத்தாலியப் பேராசிரியரானார். அரசியல் காரணங்களால் நாட்டைவிட்டு வெளியேறிய அந்தோனியோ பனீசி, 1828 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் அப்பதவியை ஏற்றார்.

இலக்கணப் பாடங்கள்

இடைநிலையில் மாணவர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் இரு இறந்தகாலங்களைப் பிரித்தறிவதாகும். ஒன்று முடிந்த செயலைக் குறிக்கும். மற்றொன்று தொடர்ந்திருந்த நிலையையோ வழக்கத்தையோ குறிக்கும். ஒரே வினை இவற்றால் பொருள் மாறுவதுண்டு. "சப்பேவோ" என்றால் "எனக்குத் தெரிந்திருந்தது" என்றும், "ஓ சப்பூத்தோ" என்றால் "எனக்குத் தெரிய வந்தது" என்றும் பொருள்படும்.

அடுத்தது ஐயம், விருப்பம், கருத்து முதலியவற்றை உணர்த்தும் தனி வினை வடிவம். "மரியா களைப்பாக இருக்கிறாள்" என்று உறுதியாகக் கூறும்போது "எ" என்னும் வினை வரும். "மரியா களைப்பாக இருக்கிறாள் என நினைக்கிறேன்" என்னும்போது அது "சீயா" என மாறும். தமிழில் இவ்விரு தொடர்களிலும் "இருக்கிறாள்" என்பது மாறாதிருப்பதை ஒப்பிட்டு நோக்கலாம்.

நிபந்தனைத் தொடர்களும் இவ்வாறே. "நேரம் இருந்தால் வருவேன்" என்னும் தமிழ்த் தொடர், வரக்கூடும் என்பதையும் நேரமில்லையே என்பதையும் சூழலுக்கேற்ப உணர்த்தும். இத்தாலியத்தில் "செ ஓ தேம்போ, வெங்கோ" என்பது முன்னதற்கும், "செ அவேஸ்ஸி தேம்போ, வெர்ரேய்" என்பது பின்னதற்கும் உரியவை. பேசுபவர் எதைக் கருதுகிறார் என்பதை வினைவடிவமே காட்டிவிடுகிறது.

தமிழ் அறிந்தவர்க்கு எளிதான கூறுகளும் உண்டு. தமிழைப் போலவே இத்தாலியத்திலும் வினைமுற்றின் ஈறு எழுவாயைக் காட்டுவதால் "நான்", "நீ" போன்ற சொற்களைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். "கனி", "கன்னி" என்னும் சொற்களிடையே உள்ளது போன்ற ஒற்று வேறுபாடு அம்மொழியிலும் பொருளை மாற்றும். "நோனோ" என்பது ஒன்பதாவது. "நொன்னோ" என்பது தாத்தா. "சோனோ" என்பது இருக்கிறேன். "சொன்னோ" என்பது தூக்கம். ஆங்கிலம் பேசும் மாணவர்கள் நெடுநாள் பயிலும் இவ்வேறுபாடு தமிழ்ச் செவிக்குப் புதிதன்று.

முன்னிலை மரியாதை

"நீ" என்பதற்கு "தூ" என்றும், "நீங்கள்" என்பதற்கு "லேய்" என்றும் வழங்குவர். "லேய்" என்பதன் நேர்ப்பொருள் "அவள்" என்பதாகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் படர்க்கை வினையோடு இதுவே வரும். நண்பரிடம் "ஸ்கூசா" என்றும், அறிமுகமற்றவரிடம் "ஸ்கூசி" என்றும் மன்னிப்புக் கோர வேண்டும். முசோலினியின் அரசு 1938 இல் "லேய்" வழக்கை விலக்கி, "வோய்" என்னும் சொல்லைத் திணிக்க முயன்றது. அவ்வாட்சி வீழ்ந்தபின் "லேய்" மீண்டும் நிலைபெற்றது. எனினும் தெற்குப் பகுதிகளில் முதியோரிடம் "வோய்" என்பது இயல்பாகவே வழங்கி வருகிறது. இலக்கணம், பண்பாடு, அரசியல் ஆகிய மூன்றையும் ஒரே பாடத்தில் கற்பிக்க இஃது ஏற்ற எடுத்துக்காட்டு எனலாம்.

பண்பாட்டுப் பாடங்கள்

இந்நிலையில் சுருக்கப்படாத மூலநூற் பகுதிகள் அறிமுகப்படுத்தப்படுகின்றன. இத்தாலோ கால்வினோவின் "மார்க்கொவால்தோ" (1963), நத்தாலியா கின்சுபெர்க்கின் "குடும்பச் சொல்வழக்கு" (1963) ஆகியவை எளிய நடையுடையவை. வித்தோரியோ தெ சிக்காவின் "சைக்கிள் திருடர்கள்" (1948) போன்ற திரைப்படங்கள் போருக்குப் பிந்தைய வறுமையை அறிய உதவுகின்றன.

உணவு, ஓவியம், நாகரிக உடை ஆகியவற்றோடு பண்பாட்டுப் பாடம் நின்றுவிடக் கூடாது என்பது இத்துறையில் உள்ள முக்கிய விமர்சனம். வடக்கு தெற்கு ஏற்றத்தாழ்வு, வெளிநாடுகளுக்குக் குடிபெயர்ந்த இத்தாலியர், இத்தாலிக்குக் குடிவந்தோர் ஆகிய பொருள்களும் இடம்பெற வேண்டும் என ஆசிரியர் பலர் கருதுகின்றனர். 1999 ஆம் ஆண்டின் 482 ஆம் எண் சட்டம், சார்தினியம், பிரியூலியம் உள்ளிட்ட 12 சிறுபான்மை மொழிகளுக்குப் பாதுகாப்பு அளித்தது. நாப்போலியம், சிசிலியம் ஆகியவை அப்பட்டியலில் இல்லை.

நிறுவனங்களும் சான்றிதழ்களும்

பெருஜியா, சியேனா ஆகிய நகரங்களில் வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகங்கள் உள்ளன. பெருஜியாவில் 1921 இல் தொடங்கிய வகுப்புகள் 1925 இல் பல்கலைக்கழக நிலையைப் பெற்றன. இவ்விரு பல்கலைக்கழகங்களும், உரோமா திரே பல்கலைக்கழகமும், 1889 இல் நிறுவப்பட்ட தாந்தே அலிகியேரிச் சங்கமும் வழங்கும் மொழிச் சான்றிதழ்களை இத்தாலிய அரசு ஏற்கிறது. 1987 இல் தொடங்கிய எராசுமசு மாணவர் பரிமாற்றத் திட்டமும் ஐரோப்பிய மாணவர்கள் பலரை இத்தாலிக்கு அழைத்து வருகிறது.

குடியுரிமையும் பி1 நிலையும்

2018 டிசம்பர் முதல், திருமணம் அல்லது நீண்டகால வசிப்பின் அடிப்படையில் இத்தாலியக் குடியுரிமை கோருவோர் பி1 நிலையை நிறுவ வேண்டும். இத்தாலியக் கல்வி நிறுவனத்தில் பட்டம் பெற்றவர் முதலிய சிலருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. நிலையான வசிப்பு அனுமதிக்கு ஏ2 போதுமானது. இதனால் மாணவருக்கு ஒரு பருவத் தேர்வாக இருக்கும் அதே நிலை, வீட்டுப் பணியாளருக்கும் தொழிலாளருக்கும் வாக்குரிமையின் வாயிலாக அமைந்துவிட்டது. பள்ளிக்கல்வி குறைந்தவர்களுக்கும், நாள் முழுதும் உழைப்பவர்களுக்கும் இது கடினமானது என்னும் விமர்சனம் உள்ளது. முதுமை, நோய், உடற்குறை ஆகியவற்றால் மொழி கற்க இயலாதவர்களுக்குச் சட்டம் விலக்கு அளிக்காதது அரசியலமைப்புக்கு முரணானது என 2025 இல் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இடைநிற்றல்

பட்டத்திற்குத் தேவையான மொழிப் பாடங்கள் முடிந்தவுடன் மாணவர் பலர் நின்றுவிடுவது இந்நிலையின் பெருஞ்சிக்கல். தொடக்க நிலையில் முன்னேற்றம் விரைவாகப் புலப்படும். இடைநிலையில் பல மாத உழைப்பும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் 2016 க்கும் 2021 க்கும் இடையில் ஆங்கிலம் அல்லாத மொழிகளில் கல்லூரி மாணவர் சேர்க்கை மொத்தத்தில் 16.6 விழுக்காடு குறைந்தது. மாணவர் குறைந்தால் மேல்நிலை வகுப்புகள் மூடப்படும். அவை மூடப்பட்டால் இடைநிலையை முடித்தவர் தொடர வழியில்லாமல் போகும்.

தமிழருடன் தொடர்பு

சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில் ஈழத்தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். அந்நகரின் பாதுகாவலரான புனித ரோசலியாவின் மலைக்கோயிலுக்கு இந்துக்களான தமிழரும் செல்வதுண்டு. குடியுரிமை கோரும் தமிழருக்கும் பி1 விதி பொருந்தும். மறுதிசையில், 1680 இல் மாந்துவா அருகே காசுத்திலியோனே என்னும் ஊரில் பிறந்த பெசுக்கி, தமிழ் கற்று வீரமாமுனிவராகி, தேம்பாவணியையும் சதுரகராதியையும் இயற்றினார்.