ஒரே பானை, இரண்டு நிறம்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டைக்கு அருகே, வைப்பாற்றங்கரை மேட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, தங்க அணி என்று செய்தித்தாள்களில் படம் வந்த பொருள்கள் பல. குழிக்குக் குழி, கூடை கூடையாகக் கிடைத்ததோ வெறும் பானை ஓடுதான். அந்த ஓடுகளில் ஒரு வகை பார்ப்பவரைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும். வெளிப்புறம் செங்கல் சிவப்பு. உட்புறமும் வாய்விளிம்பும் கன்னங்கரேல். தொல்லியலாளர்கள் இதைக் கருப்பு-சிவப்புப் பாண்டம் என்கிறார்கள். ஆதிச்சநல்லூர், கீழடி, கொடுமணல் என்று தமிழகத்தின் பழைய ஊர்மேடுகளிலும் ஈமக்காடுகளிலும் இது திரும்பத் திரும்பக் கிடைக்கிறது.

இந்த இரண்டு நிறத்துக்கும் இரண்டு சாயம் தீட்டப்படவில்லை. மண்ணும் ஒன்றே. நெருப்பில் இருக்கும்போது பானையின் எந்தப் பக்கத்துக்குக் காற்று போய்ச் சேர்ந்தது, எந்தப் பக்கத்துக்குச் சேரவில்லை என்பதுதான் நிறத்தை முடிவு செய்தது.

முதலில் மண்ணைப் பார்ப்போம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மேற்கே மலையடிவாரத்தில் செம்மண். கிழக்கே சாத்தூரை நோக்கிப் போகப்போகக் கரிசல். கரிசல் மண் நீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதை மட்டும் வைத்துப் பானை செய்தால் பானையும் அப்படியே வெடித்துவிடும். அதனால் குயவர்கள் கம்மாயில் படிந்த களிமண்ணை எடுத்து, மணல் கலந்து, மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். மணல் சுருங்காது, களிமண் சுருங்கும்போது இடையில் நின்று விரிசலைத் தடுக்கும். இந்த மண் எதுவானாலும் அதில் நூற்றுக்குச் சில பங்கு இரும்பு இருக்கிறது. பானையின் நிறக்கதையில் பெரும்பகுதி அந்தச் சில பங்கில் நடப்பது.

காய்ந்த பச்சைப் பானை சூளைக்குள் போனதும் நூறு டிகிரியை ஒட்டி மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகிறது. அவசரப்பட்டு எரித்தால் அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் பானையைப் பிளந்துவிடும். முதலில் இளஞ்சூட்டில் வாட்டுவது அதற்காகத்தான். ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி செல்சியஸுக்குள் இன்னொரு நீர் வெளியேறுகிறது. இது களிமண்ணின் படிகத்துக்குள்ளேயே பிணைந்திருந்த நீர். அது போனபின் மண் பழைய மண்ணாகத் திரும்பாது. எத்தனை நாள் ஊறவைத்தாலும் கரையாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்ற பழமொழிக்குப் பின்னால் இருக்கும் வேதியியல் இதுதான். 573 டிகிரியில் மணலிலுள்ள குவார்ட்ஸ் படிகம் தன் வடிவை மாற்றிச் சட்டென்று விரிகிறது. ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. சூளையை அவசரமாகப் பிரித்தால் பானை விரிசல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி இரும்பு. சூளைக்குள் காற்று தாராளமாகப் புகுந்தால், இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு என்ற விகிதத்தில் ஹேமடைட் உருவாகும். இதன் நிறம் சிவப்பு. காற்றை அடைத்துவிட்டால் கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் சூளையை நிறைக்கின்றன. எரிய ஆக்சிஜன் போதாத அந்த வாயு, மண்ணிலுள்ள இரும்பிடமிருந்தே ஆக்சிஜனைப் பறிக்கும். ஹேமடைட் மேக்னடைட்டாகிறது; சிவப்பு நிறம் சாம்பலாகவும் கருப்பாகவும் மாறுகிறது. கூடவே புகையிலுள்ள நுண்கரி பானையின் நுண்துளைகளுக்குள் படிந்து கருமையை இன்னும் ஆழமாக்குகிறது. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. சீமைக்கருவேல விறகை அடுக்கி மண் பூசி மூடிக் கரிமூட்டம் போடுகிறவர் செய்வதும் இதே வேலைதான். மூட்டத்தில் ஓட்டை விழுந்தால் கரி சாம்பலாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரே பானையில் இரண்டையும் எப்படிச் செய்தார்கள்? தொல்லியலாளர்கள் இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, பானையை வாய்கவிழ்த்துச் சூளையில் அடுக்குவது. உள்ளே வைக்கோல், உமி போன்றவை இருக்கும். வாய்விளிம்பு சாம்பலில் புதைந்திருக்கும். வெளிப்புறத்தைக் காற்றோடு தீ தழுவுவதால் அது சிவக்கிறது. உள்ளே காற்றுக்கு வழியில்லாததால் கருக்கிறது. இன்னொன்று, முதலில் முழுவதும் சிவக்கச் சுட்டு, சூடு குறையும் முன் எடுத்துத் தழை, உமி போன்றவற்றின் மேல் கவிழ்ப்பது. எந்த வழியானாலும் பானையின் ஒரு பாதிக்குக் காற்றைக் கொடுத்து மறுபாதிக்கு மறுக்க வேண்டும். வெப்பமானி இல்லாமல், நெருப்பின் நிறத்தையும் புகையின் அடர்த்தியையும் கண்ணால் அளந்தே இதைச் செய்திருக்கிறார்கள். நைல் நதிக்கரையில் பிரமிடுகளுக்கு வெகுகாலம் முன்பு வாழ்ந்தவர்களும் உடல் சிவந்து வாய் கருத்த பானைகளைச் சுட்டார்கள்.

உடைந்த ஓட்டின் விளிம்பைப் பார்த்தால் சூளையில் நடந்ததைப் படிக்கலாம். குறுக்குவெட்டு முழுவதும் சிவப்பாக இருந்தால், காற்றும் நேரமும் போதுமான அளவு கிடைத்தன. இரண்டு பக்கமும் சிவந்து நடுவில் கருப்புப் பட்டை தெரிந்தால், மண்ணுக்குள் இருந்த தாவரத் துணுக்குகளின் கரி எரிந்து முடிவதற்குள் சூளை ஆறிவிட்டது. உள்பாதி கருப்பு, வெளிப்பாதி சிவப்பு என்றால் கவிழ்த்துச் சுட்டதற்கான அறிகுறி.

அந்தக் கருப்புக்குள் இன்னொரு வியப்பும் இருந்தது. கீழடியில் கிடைத்த, கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓடுகளின் உட்புறக் கருப்புப் பூச்சை வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். 2020இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் அவர்களுடைய கட்டுரை வந்தது. அந்தப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக அது அறிவித்தது. கார்பன் அணுக்கள் ஒற்றையடுக்குத் தாளாகச் சேர்ந்து, அந்தத் தாள் சுருண்டால் கிடைக்கும் குழாய் இது. தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது, மிக வலுவானது. அதற்கு முன் மனிதர் செய்த பழம்பொருளில் நானோகுழாய் கண்டதாகப் பெயர்பெற்றது டமாஸ்கஸ் வாள். ஜெர்மன் ஆய்வாளர்கள் 2006இல் அதை அறிவித்தார்கள். அவ்வகை வாளுக்கான உருக்கு இந்தியாவிலிருந்து போனது என்பது இன்னொரு சுவையான செய்தி. கீழடிக் குயவர் நானோகுழாய் செய்ய நினைத்திருக்க மாட்டார். ஏதோ தாவரச் சாறு பூசி உயர்வெப்பத்தில் சுட்டபோது அது தானாக விளைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஆனால் சுமார் 2,600 ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் அந்தப் பூச்சு உரியவில்லை.

இந்தப் பாண்டங்களின் மினுமினுப்பும் கண்ணாடிப் பூச்சால் வந்ததல்ல. பானை பாதி காய்ந்த பதத்தில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால், தட்டை வடிவிலுள்ள களிமண் துகள்கள் ஒரே திசையில் படுத்துவிடும். சமமான பரப்பு ஒளியைச் சிதறவிடாமல் திருப்பி அனுப்பும். துளைகள் அடைபடுவதால் நீர்க்கசிவும் குறையும்.

இரும்பையும் காற்றையும் வைத்து உலகம் வெவ்வேறு வித்தைகளைக் கண்டுபிடித்தது. பழைய கிரேக்கர்கள் மிக நுண்ணிய களிமண் குழம்பால் படம் வரைந்து, காற்று விட்டு, அடைத்து, மறுபடி விட்டு மூன்று கட்டமாகச் சுட்டார்கள். குழம்பு பூசிய இடம் உருகி இறுகிக் கருப்பாகவே நின்றது. மற்ற இடம் மீண்டும் சிவந்தது. உத்தரப் பிரதேசத்தின் நிஜாமாபாத்தில் இன்றும் காற்றடைத்த புகையில்தான் பானையைக் கருக்குகிறார்கள். ஜப்பானின் ராக்கு முறையில் தகிக்கும் கிண்ணத்தை இடுக்கியால் வெளியே எடுப்பார்கள். அமெரிக்கக் கலைஞர் பால் சோல்ட்னர் 1960இல் அதை இலைகளுக்குள் புதைத்துப் புகையூட்டத் தொடங்கினார். புதுச்சேரியில் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ரே மீக்கர், மண் வீட்டைக் கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார். இன்றைய கலைக்கூடங்கள் மாற்றுச் சுடுமுறை என்று கற்றுத்தரும் பலவற்றின் அடிப்படை வித்தை வைப்பாற்றங்கரையில் அன்றாடப் புழக்கத்தில் இருந்தது.

பள்ளி வேதியியல் பாடத்தில் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கம் கிடைக்காது. அருங்காட்சியகம் போனால், தங்கத்தைப் பார்த்துவிட்டு ஓடு இருக்கும் பெட்டிக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். உடைந்த விளிம்பைக் காட்டுங்கள். காட்டுவேலையில், கம்மாய்த் தூர்வாரலில் இப்படிப்பட்ட ஓடு தட்டுப்பட்டால் வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். கிடந்த இடத்திலேயே படம் பிடித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தெரியாத ஓட்டைக்கொண்டு அதன் காலத்தைக் கணிப்பது கடினம்.