கணினி சூடேறி அணைகிறதா? புதிது வாங்கும் முன் காற்றாடியைப் பாருங்கள்

விளையாட்டு மும்முரமாகப் போய்க்கொண்டிருக்கும்போது திரை கறுத்து, கணினி அணைந்துவிடுகிறது. மீண்டும் திறந்தால் பத்து நிமிடத்தில் அதே நிலைமை. “ராத்திரி பகலா கேம் விளையாடினா வேற எப்படி இருக்கும்?” என்பார் அப்பா. “இது பழசாயிருச்சுப்பா, புதுசு வாங்கணும்” என்பான் மகன்.

இந்த வாக்குவாதத்தில் பல நேரங்களில் இருவரும் பார்க்கத் தவறுவது, பெட்டிக்குள் சுற்றாமல் நின்றுபோன ஒரு சிறு காற்றாடியை. தவணையில் வாங்கிய கணினி, தங்கையின் பள்ளி வேலைக்கும் அது ஒன்றுதான் என்னும் வீடுகளில், சில பத்து ரிங்கிட்டில் முடிய வேண்டிய பழுது ஆயிரக்கணக்கில் செலவு வைத்துவிடக்கூடாது.

சூடு எங்கிருந்து வருகிறது?

கணினியில் அதிகம் சூடாகும் உறுப்புகள் இரண்டு: சிபியு எனப்படும் செயலி, கிராஃபிக் கார்டு. கட்டுரை தட்டச்சு செய்யும்போது இவை ஏறக்குறைய ஓய்வில் இருக்கும். விளையாட்டின்போது இரண்டும் சேர்ந்து உழைக்கும். நடுத்தர கேமிங் கணினியே அப்போது 300 வாட் வரை இழுக்கக்கூடும். பழைய 60 வாட் குண்டு பல்புகள் ஐந்தை ஒரு பெட்டிக்குள் எரியவிடுவதற்கு அது சமம்.

அந்தச் சூட்டை உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்ள, காற்றாடி வெளியே தள்ளுகிறது. காற்றாடி வீசுவது அறைக் காற்றைத்தான். தகரக் கூரை வீட்டில் மதியம் 34 டிகிரி இருந்தால், 24 டிகிரி குளிர்சாதன அறையில் இருப்பதைவிடச் செயலியும் ஏறக்குறைய 10 டிகிரி கூடுதலாகச் சூடாகும்.

வெப்பம் 95 முதல் 100 டிகிரியை எட்டினால், இன்றைய செயலிகள் பலவும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு விட்டுவிட்டுத் தடுமாறுவது அதனால்தான். அப்படியும் அடங்காவிட்டால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சேமிக்காத வேலை அதோடு போய்விடும்.

காற்றாடிதானா என்று எப்படி அறிவது?

கணினியைத் திறக்கும்போது ‘சிபியு ஃபேன் எரர்’ என்று திரையில் வந்தால் சந்தேகமே வேண்டாம். கரகரவென்ற ஒலி, உள்ளே பேரிங் தேய்ந்ததற்கு அடையாளம். ‘எச்டபிள்யூ மானிட்டர்’ போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையையும், பெரும்பாலும் காற்றாடியின் வேகத்தையும் பார்க்கலாம். ஆனால் பல கிராஃபிக் கார்டுகளில், சூடு குறைவாக இருக்கும்போது காற்றாடி நிற்பது இயல்பு. விளையாடும்போதும் சுற்றாவிட்டால்தான் கோளாறு.

காற்றாடி சுற்றியும் சூடு குறையவில்லையென்றால், தூசி அடைத்திருக்கலாம் அல்லது செயலிக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். சமையல் எண்ணெய்ப் புகையும் கொசுவர்த்திப் புகையும் படியும் வீடுகளில் தூசி பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

முதலில் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, திறக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டலாம். காற்று ஊதினால், காற்றாடி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்வது அவசியம்.

புதுக் காற்றாடி வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போவது நல்லது. அளவும் (பெட்டிக் காற்றாடிகளில் 120 மில்லிமீட்டர் பரவலானது) இணைப்பு முனையில் உள்ள ஓட்டைகள் மூன்றா நான்கா என்பதும் பொருந்த வேண்டும். காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியேறும்படி பொருத்த வேண்டும். செயலியின் மேலுள்ள தகட்டைக் கழற்றினால், பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் இட வேண்டும்.

பெட்டிக் காற்றாடி மட்டும் நின்றிருந்தால், பக்கப் பலகையைத் திறந்து மேசைக் காற்றாடியை வைத்து ஓரிரு நாள் சமாளிக்கலாம். செயலியின் காற்றாடி நின்றிருந்தால் மாற்றும்வரை கணினியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. பவர் சப்ளையை மட்டும் யாரும் பிரிக்கக்கூடாது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கடைக்குக் கொண்டு போனால்

உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். முடியவில்லையென்றால் நீங்களாகப் பிரிக்காமல் வாங்கிய கடையிடமே கொடுங்கள். முக்கியக் கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள். எதை மாற்றுகிறார்கள், எவ்வளவு ஆகும் என்பதை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் திரும்பப் பெறுங்கள். ‘மதர்போர்டு போய்விட்டது’ என்றால், காற்றாடியைச் சோதித்தார்களா என்று கேட்பதில் தவறில்லை.

பணம் வாங்கிக்கொண்டு சரியாகச் செய்து தரவில்லையென்றால், மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் புகார் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.